நுங்கு வெள்ளை அடித்த வீடுகள்

கருவேலங்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தவசிக்கனி அண்ணாச்சிக்கு ஒரு பெயிண்ட் கடை இருந்தது, கடைக்குள்ளே ஒரு கலர் மெஷின் இருந்தது, மெஷினுக்கு மேலே ஒரு போர்டு தொங்கியது, அந்தப் போர்டில் ‘கலந்த பெயிண்ட் எக்காரணம் கொண்டும் திரும்ப எடுக்கப்பட மாட்டாது’ என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. அதை எழுதிக்கொடுத்த ஆர்ட்டிஸ்டே ஒரு தடவை கலர் ஒத்து வரவில்லை என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, அண்ணாச்சி வாயைத் திறக்காமல் விரலை மட்டும் மேலே காட்டினார், அந்த மனுஷன் தான் எழுதினதைத் தானே வாசித்துவிட்டுத் திரும்பிப் போனான். அப்படியொரு கறார்ப் பேர்வழி. “வெள்ளையா இருக்கிற வரைக்கும் அது என் சரக்குவே,” என்பார், “கலரச் சொட்டிக் கலக்கியாச்சுன்னா அது உம்ம சரக்கு. உம்ம வீட்டுச் செவத்துக்குன்னு கலந்தத நான் வாங்கி வச்சு யாரு தலையில கட்ட?”

மகள் சுபிதாவை ஆவணியில் மேலக்குளம் வைகுண்டமணி மகன் லிங்கதுரைக்குக் கட்டிக்கொடுத்து, காரில் ஏற்றிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சி சொன்னதும் ஏறக்குறைய இதேதான். “சுபி, இனி அதுதான் உன் வீடு. நாலு நாள் சண்டைன்னா பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கப்பிடாது. நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கம் கிடையாது, பாத்துக்க.” நல்ல வார்த்தை சொன்னார் என்று ஆம்பளைகள் தலையை ஆட்டினார்கள், அவர் பெண்டாட்டி பொன்பாக்கியம் மட்டும் கார் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள், அதற்குள் பந்தியில் பாயசம் தீர்ந்துவிட்டது என்று யாரோ கூப்பிட்டார்கள்.

அந்த ஊருக்கு ஒரு குணம் உண்டு. ஷேட் கார்டில் ஆயிரத்து எண்ணூறு கலர் இருந்தாலும் ஒருத்தரும் அதைப் புரட்டிப் பார்க்க மாட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரன் அடித்ததைப் பார்த்துவிட்டு ‘அவுக வீட்டுக்குக் குடுத்தீகளே, அந்தக் கலரு’ என்றுதான் வந்து நிற்பார்கள். இது தெரிந்த அண்ணாச்சி, பொங்கலுக்கு ஊரே வெள்ளையடிக்கிற மார்கழி மாதத்தில், கடையில் மெஷின் ஓட்டுகிற மரியபுஷ்பத்தைக் கூப்பிட்டு, நுங்கைச் சீவினதும் உள்ளே தெரியுமே, வெள்ளையும் இல்லாத நீலமும் இல்லாத ஒரு நிறம், அதில் நூற்றிருபது வாளி ஒரே மூச்சில் கலந்து அடுக்கச் சொன்னார். அதற்குள் என்ன விழுந்தது, எது சேர்ந்தது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. மரியபுஷ்பம் அன்றைக்கு அழுதுகொண்டே கலந்தாள், அதுதான் என்று சொல்கிறவர்கள் உண்டு. “அழுதா வேலைக்கு ஆகுமா? நான் பாட்டுக் கேட்டுக்கிட்டுல்லா கலந்தேன்,” என்கிறாள் அவள்.

முதல் எட்டு வாளி மகள் வீட்டுக்குத்தான் போனது. தலைப்பொங்கல் அல்லவா, பித்தளைப் பானை, பச்சரிசி, வெல்லம், கரும்புக்கட்டு, பனங்கிழங்கு என்று பொங்கப்படி போகும் மினிலாரியில், பெயிண்ட் கடைக்காரன் மகள் வாழ்கிற வீடு வெளுத்துக் கிடக்கலாமா என்று எட்டு வாளி நுங்கு வெள்ளையையும் ஏற்றி அனுப்பினார். மிச்சத்தை வடக்குத் தெரு முறுக்குக் கம்பெனி சுடலைமணி பார்த்தான், அவன் வீட்டுச் சுவரைத் தெரு பார்த்தது, தெருவை ஊர் பார்த்தது, பதினைந்து நாளில் கருவேலங்குறிச்சியே சீவின நுங்கு மாதிரி பளபளவென்று நின்றது.

அப்புறம் ஒரு நாள் காலையில் சுடலைமணி, அரிசி மாவு நமத்துப் போய்விட்டது என்று பெண்டாட்டியைக் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டான். எண்ணெய்ச் சட்டி காய்வதற்குள் அவள் நின்ற இடத்துக்குப் பின்னால், சுவரில், அவள் கன்னத்து உயரத்தில் ஒரு கை எழுந்தது. முதலில் ரோஸ், பிறகு சிவப்பு, மத்தியானத்துக்குள் கன்றிப்போன நீலம். ஐந்து விரலும், நடுவிரல் மோதிரத்தில் இருந்த ஒன்பது கல்லும் அப்படி அப்படியே இருந்தன. ஈரத் துணியால் துடைத்தான், போகவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், போகவில்லை. மேலே இன்னொரு கோட் அடித்தான், அது காய்வதற்குள் கை இன்னும் தெளிவாக மேலே வந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் வடக்குத் தெருவில் ஏழு வீட்டில் கை எழுந்தது, மறுநாள் நாற்பது வீட்டில்.

ஊரில் யாரும் மூக்கில் விரல் வைக்கவில்லை. ஈரச் சுவரில் உப்புப் பூக்கிறதில்லையா, அது மாதிரி இதுவும் பூக்கிறது என்றார்கள். எதனால் அடிக்கிறோமோ அது பூத்தது, எந்த உயரத்தில் விழுகிறதோ அந்த உயரத்தில் பூத்தது. பெல்ட் விழுந்த வீட்டில் பெல்ட்டும் அதன் பக்கிளும், எட்டி உதைத்த வீட்டில் பாதமும் பெருவிரலும், மாமியார் கரண்டி வீசின வீட்டில் கரண்டி, டியூஷன் வாத்தியார் வீட்டில் சுவர் நெடுக மூங்கில் கம்பு கம்பாக. காலண்டர் விற்றுத் தீர்ந்தது, பிள்ளையார், மாதா, மலையருவி, எது படமானாலும் சரி, பெரிசாக இருந்தால் போதும். பீரோக்கள் கூடத்துக்கு நடுவே நகர்ந்தன. பெண் பார்க்க வருகிற வழக்கம் போய், பெண் கொடுக்கப் போகிறவர்கள் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கக் கிளம்பினார்கள், காப்பியைக் குடித்துக்கொண்டே ‘நல்ல காலண்டர்’ என்று ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுக் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்கள். பெற்ற பிள்ளையை அடித்த தாய்மார்கள் தங்கள் கையைத் தாங்களே சுவரில் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிசா என் கை என்று சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார்கள்.

ஆம்பளைகள் சும்மா இருப்பார்களா? வீட்டுக்குள்தானே பூக்கிறது என்று வெளியே வரச் சொல்லி அடித்தார்கள். கொஞ்ச நாள் தோட்டத்தில் அடித்தார்கள், களத்தில் அடித்தார்கள், பஸ் ஸ்டாண்டில் வைத்து அடித்தார்கள், ஊரின் அடி அத்தனையும் வெயிலுக்கு வந்தது. ஆனால் பெண்டுகளுக்கும் விவரம் வந்துவிட்டது. புருஷன் முகம் மாறினால் ஓடிப்போய் நுங்கு வெள்ளைச் சுவரில் முதுகைச் சாத்திக்கொண்டு நின்றார்கள். “வெளிய வாட்டி” என்று அவன் வாசலில் நின்று கத்த, “வர மாட்டேன், பேசணும்னா உள்ள வந்து பேசும்” என்று இவள் அசையாமல் நிற்க, இப்படியே பொழுது சாயும். ஒருத்தன் ஆத்திரத்தில் கடப்பாரையை எடுத்துப் பூச்சையே கொத்தித் தள்ளினான், செங்கல்லில் கை எழுந்தது. இன்னொருத்தன் சுவரையே இடித்தான், அடுத்த வீட்டுக்காரன் சுவரில் இவன் கை எழுந்தது, அதற்கு அவர்கள் இரண்டு பேரும் அரிவாளால் வெட்டிக்கொண்டார்கள், அந்த வெட்டும் எழுந்தது.

அண்ணாச்சிக்கு அந்த எட்டு வாளி ஞாபகம் வராமல் இல்லை. போன் போட்டார். “நல்லா இருக்கேன்பா,” என்றாள் சுபிதா, “கலர் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு.” முன்பெல்லாம் போனை வைக்கவே மாட்டாள், கறிக்குழம்பு வைத்தது முதல் கோழி முட்டையிட்டது வரை சொல்வாள். இப்போது நாலு வார்த்தையில் நிறுத்திக்கொண்டாள். பொங்கலுக்கு மறுநாள் வருவாள் என்று பொன்பாக்கியம் கோழி அடித்து வைத்திருந்தாள், வரவில்லை. மாப்பிள்ளைக்கு வேலை இருக்கும், தங்கமான பையன் என்று அண்ணாச்சி தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மேலக்குளம் என்ன சீமையிலா இருக்கிறது, டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம்! ஆனாலும் போகவில்லை. போனால் பார்க்க வேண்டி வருமே என்று பயந்தார், அதுதான் உண்மை.

பொன்பாக்கியம் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். “ஊருக்கெல்லாம் குடுத்தீக. நம்ம வீட்டுக்கும் ரெண்டு வாளி கொண்டாங்களேன்.”

“நம்ம வீட்டுக்கு எதுக்குட்டி? டிஸ்டெம்பரே நல்லாத்தான இருக்கு.”

“அடிக்காத வீட்டுக்கு என்ன பயம்?”

தான் பெண்டாட்டியை அடிக்கிற ஆள் இல்லை என்று தவசிக்கனி அண்ணாச்சிக்கு முழு நம்பிக்கை. எப்போதாவது கை நீளும், அவ்வளவுதான். சோற்றில் கல் கிடந்தால் நீளும், சொன்ன நேரத்துக்குச் சாவி கிடைக்காவிட்டால் நீளும், முப்பத்தொரு வருஷமாக அப்படி நீண்டுகொண்டிருந்தது. அன்றைக்கும் நீண்டது. டிஸ்டெம்பர் சுவர் வாயைத் திறக்கவில்லை, அவள் எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

தை பிறந்து பத்தாம் நாள் கடைக்கு ஆம்பளைகள் திரண்டு வந்தார்கள். பைக்கில், சைக்கிளில், தலைச்சுமையாக, அரை வாளி, கால் வாளி, உடைக்காத வாளி, அடியில் ஒட்டினது என்று அத்தனையையும் கொண்டுவந்து கல்லா முன்னால் வைத்தார்கள். சுடலைமணி முன்னால் நின்றான்.

“அண்ணாச்சி, மரியாதையா திரும்ப எடுத்துக்கிடும். வீடு வீடாவா இருக்கு? சந்தி சிரிச்சுப் போச்சு.”

அண்ணாச்சி விரலை மேலே காட்டினார்.

“போர்டக் கொண்டுபோய் குப்பையில போடும். எடுப்பீரா மாட்டீரா?”

“கலந்தத எடுத்தா நாளைக்கு எவன்வே கடை நடத்துவான்? அடிச்சது நீ, பெயிண்டு என்ன செய்யும்?”

இந்த மனுஷனா இதைச் சொன்னது என்று உள்ளே மெஷின் பக்கம் நின்ற மரியபுஷ்பம் வாயைப் பொத்திக்கொண்டாள், ஆனால் அதை ரசிக்க நேரமில்லை. ஒரு அரிவாள் ஷேட் கார்டை இரண்டாக்கிக்கொண்டு கல்லா மேஜையில் இறங்கியது. ஒரு வாளி பறந்து வந்து அண்ணாச்சி நெற்றியில் பட்டு உடைந்தது, இரத்தமும் நுங்கு வெள்ளையும் சேர்ந்து கண்ணில் இறங்க, அவர் போர்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று கிடையாது. எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றவன் பொறுமையாகப் பேசலாம் என்றவனை அடித்தான், பழைய வரப்புத் தகராறு வைத்திருந்தவன் அதற்கு அடித்தான், வாளிகள் உருண்டு மூடி தெறித்து பஸ் ஸ்டாண்டு ரோடெல்லாம் வெள்ளை ஓடியது, ஓடின வெள்ளையில் விழுந்து புரண்டு கடித்தார்கள். போலீஸ் வந்து லத்தியைச் சுழற்றி எல்லோரையும் விரட்டின பிறகு ரோடு காய்ந்தது, காய்ந்த ரோட்டில் முஷ்டியும் பல்லும் செருப்பும் லத்தியும் கோலம் போட்ட மாதிரி எழுந்து வந்தன. பஸ்கள் அதன் மேல்தான் போய் வருகின்றன, இன்னும் அழியவில்லை. அண்ணாச்சிக்கு நெற்றியில் ஒன்பது தையல். ஒரு வாளிகூடத் திரும்ப எடுக்கவில்லை.

தையல் பிரிப்பதற்கு முன்னால் சம்மந்தி வந்தார்.

வைகுண்டமணி வெள்ளை வேட்டி கசங்காமல் காரிலிருந்து இறங்கினார், கையில் ஆப்பிள் பை, அல்வா டப்பா. டிரைவர் பின்னால் மூன்று வாளி இறக்கி வைத்தான், இரண்டு உடைக்காதது, ஒன்று பாதி.

“என்ன சம்மந்தி, தலையில கட்டு? கேள்விப்பட்டேன். காட்டுப் பயலுவ,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நம்ம வீட்டுக்கு இந்தக் கலரு ஒத்து வரல. சின்னஞ்சிறுசுக, வீட்டுக்கு வீடு உள்ளதுதான. மாசியில என் தங்கச்சி மகளுக்கு நிச்சயம், நாலு பேரு வந்து போற வீடு. நல்லா பட்டி பாத்து வேற கலரு அடிச்சு விட்டுருங்க. உங்க மக மானமும் அதுலதான இருக்கு.”

அண்ணாச்சி வாளிகளைப் பார்த்தார். என்ன ஒத்து வரவில்லை என்று கேட்டிருக்கலாம். எத்தனை என்று கேட்டிருக்கலாம். அரிவாளுக்கு அசையாத அந்த மனுஷன் குனிந்து மூன்று வாளியையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கடைக்குள்ளே வைத்தார்.

“அண்ணாச்சி,” என்றாள் மரியபுஷ்பம். அவள் விரல் மேலே காட்டியது.

“நீ வேலையப் பாரு தாயி,” என்றார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பெயிண்டரை அனுப்பினால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று மறுநாள் காலையில் அவரே சுவரில் இழுத்துப் பூசுகிற பட்டி மூட்டையும் பூச்சுக் கரண்டியும் இரும்புக் கம்பு போட்ட ரோலரும், பழைய ஸ்டாக்கில் அடர்த்தியான மண் நிற பெயிண்டும் ஏற்றிக்கொண்டு மேலக்குளம் போனார். மகளைப் பார்க்கப் போகிற தகப்பன் மல்லிகைப்பூவும் மிக்சரும் வாங்கிக்கொண்டு போவான், இவர் மகள் பட்ட அடியை மறைக்கப் பட்டி வாங்கிக்கொண்டு போனார். த்தூ என்று துப்பத் தோன்றுகிறதா? துப்புங்கள், எனக்கும் தோன்றுகிறது.

வைகுண்டமணியும் அவர் சம்சாரமும் நிச்சயதார்த்தப் பட்டெடுக்கத் திருநெல்வேலி போயிருந்தார்கள். லிங்கதுரை “வாங்க மாமா” என்று சிரித்தான், நல்ல சிரிப்பு. படுக்கையறைக் கதவைத் திறந்துவிட்டு, “இங்கதான் கொஞ்சம்” என்று சொல்லிவிட்டுப் போனான்.

அண்ணாச்சி உள்ளே போனார். நாலு சுவர். நாலு சுவரிலும் இடமில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக, புதுசு பழசின் மேல் ஏறி, நீலத்தின் மேல் சிவப்பு, சிவப்பின் மேல் நீலம். கன்னத்து உயரத்தில் கைகள் இருந்தன, அது அவருக்குப் பழக்கமான உயரம்தான். ஆனால் இடுப்பு உயரத்தில் பெல்ட் இருந்தது, முழங்கால் உயரத்தில் பாதம் இருந்தது, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கீழே விழுந்து கிடக்கிறவள் வயிறு இருக்கும் உயரத்தில், குதிகால் குதிகாலாகப் பதினொன்று இருந்தது. ஜன்னல் பக்கத்தில் கை இல்லை, கால் இல்லை, உருண்டையாக ஒரு கன்றல், நெற்றி அகலத்துக்கு, நடுவில் சின்னதாக ஒட்டுப்பொட்டு. ஒரே இடத்தில் நாலைந்து தடவை மோதியிருக்க வேண்டும், பொட்டு நாலைந்தாகக் கலைந்து தெரிந்தது. அண்ணாச்சி அந்த இடத்தில் கையை வைத்தார். சுவர் காய்ச்சல்காரன் உடம்பு போலச் சுட்டது.

சுபிதா காப்பி கொண்டுவந்தாள். கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டிருந்தாள், பாதி ஆளாக இருந்தாள்.

“அம்மா எப்படிப்பா இருக்கா?”

“நல்லா இருக்கா.” தம்ளரை அவர் வாங்கவில்லை. “சுபி, ஏம்மா சொல்லல?”

“பெட்டியோட வரப்பிடாதுன்னீகளே,” என்றாள். குற்றம் சொல்கிற மாதிரியே சொல்லவில்லை, கடைக்கணக்காகச் சொன்னாள். பிறகு பட்டி மூட்டையைப் பார்த்தாள், கரண்டியைப் பார்த்தாள், ரோலரைப் பார்த்தாள். “செவத்த மூட வந்தீகளா? மூடுங்க. சூடு ஆறிரும், காப்பியக் குடிங்க.” தம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனாள்.

அப்போதாவது கரண்டியைத் தூக்கி எறிந்திருக்கலாமே, இல்லை. பட்டியைக் குழைத்தார். நெற்றிப் பொட்டின் மேல் முதல் பட்டியை இழுத்தார், வழவழவென்று வெள்ளையாக மறைந்தது, அதன் பக்கத்தில் இரண்டாவது இழுத்தார். கண்ணீர் இறங்கி மீசையில் நின்றது, கை வேலையை நிறுத்தவில்லை. மூன்றாவது இழுக்கும்போது, ஈரப் பட்டிக்குள்ளே, கரண்டி பிடித்த கைக்கு நேர் கீழே, ஒன்று ரோஸாக எழுந்தது. பழசுதான் மேலே வருகிறது என்று அதை மூடினார். அது சிவந்தது. ஐந்து விரல். பக்கத்தில் இன்னொன்று எழுந்தது, பிறகு கொஞ்சம் கீழே இன்னொன்று. அப்போதுதான் அவருக்கு விளங்கியது, இது பழசு இல்லை. அடுத்தாற்போலிருந்த அடுக்களையில் பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒருத்தன் பேசினான், “உங்கப்பன்கிட்ட என்னடி சொன்ன, என்ன சொன்ன?” ஒவ்வொரு ‘என்ன’வுக்கும் சுவரில் ஒன்று எழுந்தது. பெற்ற மகள் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டிருந்தாள், அவள் வாங்குவது தகப்பன் கைக்குக் கீழே பூத்துக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி ரோலரை எடுத்தார். இரும்புக் கம்பு, நாலடி நீளம். அடுக்களை வாசலில் நின்று கூப்பிடக்கூட இல்லை, முதல் அடி லிங்கதுரையின் முதுகில் விழுந்தது, அவன் திரும்பினதும் இரண்டாவது தாடையில் விழுந்து இரண்டு பல் சிங்க்கில் போய்த் தெறித்தது. “மாமா” என்றான். “என்னலே மாமா!” மூன்றாவது முழங்கையில், எலும்பு முறிகிற சத்தம் கேட்டது, நாலாவது முட்டியில். அவன் தவழ்ந்து கூடத்துக்கு வந்தான், இவர் பின்னாலேயே வந்தார், கம்பு வளைந்து கையை விட்டுப் போனதும் வெறுங்கையால் அடித்தார், நெஞ்சில் உட்கார்ந்துகொண்டு இடமும் வலமுமாக அடித்தார், தையல் பிரிந்து அவர் நெற்றி இரத்தம் அவன் வாயில் சொட்டச் சொட்ட அடித்தார், ஆறு மாதத்து அடியையும் ஒரே நாளில் திருப்பிக் கொடுக்கிறவர் போல அடித்தார். வீதியில் ஆள் கூடியது, யாரும் உள்ளே வரவில்லை. கடைசியில் கை தூக்க முடியாமல் மூச்சு வாங்க நிறுத்தினார். லிங்கதுரை ஒரு கண் மூடி, தாடை கோணி, சிணுங்கிக்கொண்டு கிடந்தான்.

“வாம்மா,” என்றார் அண்ணாச்சி. “பெட்டிய எடு. நம்ம வீட்டுக்குப் போவம்.”

சுபிதா வரவில்லை. அவள் கூடத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே தரையை ஒட்டி வரிசையாகக் கைகள் எழுந்துகொண்டிருந்தன, முப்பதோ நாற்பதோ, அகலமான கை, கட்டை விரல், சின்ன விரல் கொஞ்சம் வெளிப்பக்கமாக வளைந்தது. சுவருக்கு நியாயம் அநியாயம் தெரியாது, யார் அடித்தாலும் பூக்கும்.

“இந்தக் கைய எனக்குத் தெரியும்பா,” என்றாள் அவள். “அம்மா கன்னத்துல பாத்துருக்கேன். ஒண்ணாம் கிளாஸ் படிக்கையிலயே பாத்துருக்கேன்.”

அண்ணாச்சி தன் கையைப் பார்த்தார். பின்னால் மறைத்துக்கொண்டார்.

“அம்மா நம்ம வீட்டுக்கும் இதே கலரு கேட்டாளாம்லா? போன்ல சொன்னா. ஏன்பா அடிக்கல?”

அவர் வேட்டி நுனியால் நெற்றி இரத்தத்தைத் துடைத்தார்.

“அடிங்க,” என்றாள் சுபிதா. “வீடு பூரா அடிங்க. காஞ்சதும் சொல்லி விடுங்க, வாரேன். அது வரைக்கும் மரியபுஷ்பம் அக்கா வீட்டுல இருக்கேன். அடிக்கலன்னா வர மாட்டேன், எங்கயாவது பொழச்சுக்கிடுதேன். இந்த வீட்டுலருந்து அந்த வீட்டுக்கு வந்து நான் என்னத்தப் பாக்க?” பெட்டி ஒன்றும் எடுக்கவில்லை, கழுத்துத் துண்டை அவிழ்த்து லிங்கதுரை பக்கத்தில் போட்டாள், கழுத்தைச் சுற்றி விரல் தடம் கறுத்திருந்தது, அதை மூடாமல் கூட்டத்துக்கு நடுவே நடந்து பஸ் ஏறினாள்.

வைகுண்டமணி கேஸ் கொடுக்கவில்லை. கொடுத்தால் இன்ஸ்பெக்டர் வந்து சுவரைப் பார்ப்பார், எந்தச் சுவரைக் காட்ட, எந்தச் சுவரை மறைக்க? மகனை நாகர்கோவிலுக்குக் கொண்டுபோய் எலும்புக்குக் கம்பி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார், நிச்சயதார்த்தம் மண்டபத்தில் நடந்தது.

தவசிக்கனி அண்ணாச்சி சம்மந்தி திருப்பிக் கொடுத்த மூன்று வாளியையும் தள்ளுவண்டியில் வைத்து வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார், கடைத்தெரு பார்த்தது, சுடலைமணி பார்த்தான், ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. டிஸ்டெம்பரைச் சுரண்டினார், ஆள் வைக்கவில்லை. இரண்டு நாள் ஏணி மேலும் கீழுமாக அடித்தார். பொன்பாக்கியம் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, “மூலையில விட்டுட்டீக,” “ஸ்விட்சுக்குப் பின்னால,” “ரெண்டாங் கோட்டு மெல்லிசா இருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தாள், அவர் சொன்ன இடத்தில் அடித்தார். முடிந்ததும் ஏணியிலிருந்து இறங்கி, ரோலரைக் கழுவி வைத்துவிட்டு, அவள் முன்னால் வந்து நின்றார்.

“இனிமே கை நீளாது பாக்கியம்.”

அவள் மரியபுஷ்பத்துக்குப் போன் போட்டு, காய்ந்துவிட்டது, பிள்ளையை அனுப்பு என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பத்து மணி வெயிலில் சுபிதா வாசலில் வந்து நின்றாள், உள்ளே காலை வைக்காமல் நின்றாள். பொன்பாக்கியம் கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். “இங்க வாங்க,” என்றாள் புருஷனை. வந்தார். சுவரோரமாக நிற்க வைத்தாள், தோளைப் பிடித்துச் சரியாகத் திருப்பி நிறுத்தினாள். பிறகு ஒரு அறை விட்டாள். முப்பத்தொரு வருஷமாகச் சேர்த்து வைத்த அறை, இரண்டு தெரு தள்ளிக் கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர்கள் வாளியை நிறுத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார்களாம். அண்ணாச்சியின் தலை ஒரு பக்கமாகப் போய்த் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் பழக்க தோஷம், அவர் கை மேலே போனது. போய், அந்தரத்தில் நின்றது. வாசலில் நின்ற மகள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். பொன்பாக்கியம் கண்ணை மூடவில்லை, தலையைச் சாய்க்கவில்லை, ‘ம், அடிங்க, பாப்பம்’ என்கிற மாதிரி நிமிர்ந்து நின்றாள். மூன்று பேரும் அந்தப் புதுச் சுவரைப் பார்த்தார்கள். கை மெல்ல இறங்கியது, இறங்கித் தன் கன்னத்தையே பிடித்துக்கொண்டது, அந்தப் பெரிய மனுஷன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி விம்மி விம்மி அழுதார்.

சுபிதா உள்ளே வந்தாள்.

சோறு வடிக்கிறதற்குள் சுவரில் அது எழுந்துவிட்டது, ஒடிசலான கை, மணிக்கட்டில் நாலு வளையல். பொன்பாக்கியம் அதன்மேல் காலண்டர் மாட்டவில்லை, பீரோவை நகர்த்தவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள், அண்ணாச்சியைப் பார்ப்பார்கள், வேறு எங்காவது இருக்கிறதா என்று சுவர் சுவராகக் கண்ணை ஓட்டுவார்கள், இருக்காது.

“அது என் கைதான்,” என்பாள் அவள். “காப்பி குடிக்கீகளா?”